அட்டைக்காகத் தலைமுழுகியது

சம்சோன்போ
2006 ஏப்ரல் 9

அன்புள்ள மகள் ஹேரானுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஊசி குத்துகிற கை இடது கை, எழுதுகிற கை நன்றாகத்தான் இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? இரவு ஷிப்ட்டில் சாப்பிடாமல் நிற்காதே.

போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த மனிதர் ஏன் தபால்தலை வாங்கினார் என்று நினைப்பாய். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் உன்னை நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள் என்று நீ சொன்ன அன்றைக்குத் துறைமுகம் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். டாக்டர் வேண்டாமென்ற சோஜுச் சாராயத்தையும் ஒரு வாய் குடித்தேன். இத்தனை வருஷம் ஒப்பந்தத் தொழிலாளி என்ற பெயரோடு எல்லோருக்கும் கீழே நின்றவள் நீ. எனக்குச் சந்தோஷம் இருக்காதா?

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. வட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. என்னை 'ஆதரிக்கக் கடமைப்பட்டவர்' ஒருவர் இருக்கிறாராம். அவருக்கு நிலையான சம்பளம் இருக்கிறதாம். ஆகவே அடுத்த மாத முடிவோடு என் மருத்துவ உதவி அட்டை ரத்து. யாரம்மா அந்தக் கடமைப்பட்டவர் என்று போய்க் கேட்டேன். அங்கே உட்கார்ந்திருந்த பெண் கணினியைப் பார்த்து உன் பெயரைப் படித்தாள்.

அட்டை இருப்பதால்தான் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் வெறுங்கையோடு போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வெறுங்கையோடு வருகிறேன். அட்டை போனால் என் முதியோர் பணம் பாதி மாதத்துக்குக்கூடத் தாங்காது. பாதி ரத்தத்தை மட்டும் சுத்தம் செய்து மீதியை அழுக்காகவே விடும் வசதி அந்த இயந்திரத்தில் இல்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் யோம் என்று ஒரு பழைய டாக்சிக்காரர். அவருக்கும் இதே கதை நடந்திருக்கிறது. அவர்தான் சொன்னார்: "பிள்ளையோட உறவு அத்துப்போச்சுன்னு காட்டுனா அட்டை போகாது. ஆனா போன் பில்லக் கேப்பான், பாங்கு புக்கக் கேப்பான். ஒத்த போன் இருந்தாலும் போச்சு. லெட்டர் மட்டும்தான் எவன் கண்ணுலயும் படாது."

அதனால் போன் செய்யாதே, பணம் போடாதே. கடிதத்தைக் கருவாட்டுக் கடை ஓக்பூன் பெயருக்கு அனுப்பு. அவள் கொண்டுவந்து கொடுப்பாள். ஆனால் வாசம் வரும்.

உன் நலம் விரும்பும்
அப்பா, மா தால்சு


இஞ்சோன்
ஏப்ரல் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நான் நலம். உங்கள் கையில் குழாய் போட்ட இடத்தில் வீக்கம் இருக்கிறதா? தண்ணீர் அளவாகக் குடிக்கிறீர்களா? சோஜு ஒரு வாய்தான் என்பதை நான் நம்பவில்லை.

கடிதத்தைத் தொழிற்சாலைப் பேருந்திலேயே படித்தேன். பக்கத்தில் இருந்தவள் காதல் கடிதமா என்று கேட்டாள். ஆமாம், அரசாங்கத்தின் மேல் காதல் என்றேன்.

எனக்கு இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று, ஆஸ்பத்திரிச் செலவை நானே பார்த்துக்கொள்வது. சம்பளத்தில் அறை வாடகையும் அறைக்கு முன்பணம் கட்ட வாங்கிய கடனும் போனபிறகு எதுவும் மிஞ்சாது என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சமாளிக்கலாம். இன்னொன்று, லைன் மேற்பார்வையாளரிடம் பேசி மறுபடியும் ஒப்பந்தத்துக்கே போய்விடுவது. கணினியில் என் பெயர் மறைந்தால் உங்கள் அட்டை நீடிக்கும் அல்லவா? அவரிடம் பேச நாள் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கடமைப்பட்டவர் என்ற வார்த்தையை அலுவலகத்தில்தான் கண்டுபிடித்தார்களா, அப்பா? கேட்கவே கடன்காரி மாதிரி இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள் ஹேரான்


சம்சோன்போ
ஏப்ரல் 20

ஹேரானுக்கு,

நலமா? நான் நலமில்லை, உன் கடிதத்தைப் படித்து ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. நர்ஸ் இரண்டு தடவை அளந்து பார்த்தாள்.

அடி அசடே, மேற்பார்வையாளரிடம் வாயைத் திறந்தாயோ, நான் ரயிலேறி வந்து உன் தொழிற்சாலை வாசலில் உட்கார்ந்துவிடுவேன். நிரந்தரத்தை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா? உனக்கு முப்பத்துமூன்று வயது. என் சிறுநீரகம் போனது போனதுதான். உன் வேலையையும் அதோடு சேர்த்துப் புதைக்க வேண்டுமா? செலவைப் பார்த்துக்கொள்கிறேன் என்ற பேச்சும் வேண்டாம். ஒரு வருஷம் பார்ப்பாய், இரண்டு வருஷம் பார்ப்பாய். டயாலிசிஸ் என்பது நான் சாகிறவரைக்கும். எனக்கோ சாகிற உத்தேசம் இல்லை.

ஆகவே நான் உன்னைத் தலைமுழுகிவிடுகிறேன். யோம் சொல்லிக் கொடுத்தபடி ஆட்சேபம் கொடுத்தாயிற்று. பியோன் என்று ஒரு சின்ன வயது நல அலுவலர் விசாரிக்க வருவாராம். உறவு ஏன் அறுந்தது, எப்போது அறுந்தது என்று கேட்பாராம். உன்னையும் கேட்கலாம். இரண்டு பேரும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

இப்போது நீ ஒரு காரணம் சொல். எனக்கு வருவதெல்லாம் உப்புச் சப்பில்லாமல் இருக்கிறது. நான் குடிகாரன் என்று சொல்லலாம், துறைமுகமே சாட்சிக்கு வரும். ஆனால் குடிகார அப்பனைப் பிள்ளை விட்டுவிடுவதென்றால் இந்த ஊரில் ஒரு கிழவனுக்கும் பிள்ளை இருக்காது. நீ என்னை அடித்தாய் என்று சொல்லவா? சின்ன வயதில் கொசு அடிக்கிறேன் என்று ஒரு தடவை அடித்திருக்கிறாய்.

யோசித்து எழுது. கோபப்படாதே, இது வெறும் அலுவலகக் காரியம்.

அப்பா


இஞ்சோன்
மே 1

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தானே? ரத்த அழுத்தம் இறங்கியதா? மேற்பார்வையாளரிடம் பேசவில்லை. நீங்கள் வாசலில் வந்து உட்காருவதை நினைத்தே பேசவில்லை.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அப்பாவைப் பற்றி நல்ல குற்றமாக ஒன்று கண்டுபிடி என்றால் உடனே வருமா? கேண்டீனில் என் தோழி மின்ஜுவிடம் கேட்டேன். "எங்கப்பனப் பத்தின்னா நாலு நாள் விடாம சொல்லுவேன், வேணும்னா கடன் தர்றேன்" என்றாள்.

இப்படி வைத்துக்கொள்வோம். கணவாய் மீன் பிடிக்கிற படகுக்காரர் மகன் இருந்தாரே, அந்த மொட்டைத் தலைக்காரர், அவருக்கு என்னைக் கட்டிவைக்க நீங்கள் பேசி முடித்தீர்கள். நான் மாட்டேன் என்றேன். நீங்கள் என் துணிகளைத் தெருவில் எறிந்தீர்கள். நான் அன்றைக்கே பேருந்து ஏறினேன், பிறகு வரவில்லை. அவர் உண்மையில் பெண் கேட்டு வந்தார் என்பதால் அக்கம்பக்கத்தில் விசாரித்தாலும் ஒத்துப்போகும். துணியை எறிந்தது மட்டும்தான் பொய். பேருந்து நிலையத்துக்கு என் பெட்டியை நீங்கள்தான் தூக்கி வந்தீர்கள். அதைச் சொல்லிவிடாதீர்கள்.

இது போதும் என்று நினைக்கிறேன். உண்மையான காரணம் எதையும் அவர்கள் கேட்கப் போவதில்லை அல்லவா?

மழைக்காலம் வருகிறது, ஈரத் துணி போடாதீர்கள்.

ஹேரான்


சம்சோன்போ
ஜூன் 14

அன்புள்ள மகளுக்கு,

உடம்பு நலமா? இங்கே நான் சுகம், ஓக்பூன் சுகம், அலுவலர் பியோனும் சுகம்.

பியோன் தம்பி வந்து போனார். மெலிந்த பையன், வெயிலில் சைக்கிளில் வந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன். எனக்குத்தான் அளவு, அவருக்கு என்ன? "மகள் கடைசியா எப்ப வந்தாங்க பெரியவரே?" என்றார். கணவாய்ப் படகுக்காரர் மகன் கதையை எடுத்துவிட்டேன். முதலில் உன்னைத் திட்ட நாக்கு வரவில்லை. நடுவில் எப்படியோ வேகம் வந்து, "அவ செத்தாலும் நான் போமாட்டேன், நான் செத்தாலும் அவ வரக்கூடாது" என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகு வாயைக் கழுவினேன். நீ அதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

அதற்குள் ஓக்பூன் வந்து சேர்ந்தாள். சாட்சி சொல்ல யாரும் கூப்பிடவில்லை. "அது பொண்ணா தம்பி, பேயி. அப்பன் சோறு தின்னானா மண்ணத் தின்னானான்னு ஒரு தடவ கேட்டிருக்குமா? இந்த அண்ணனுக்குக் கஞ்சி ஊத்துறது நான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு வந்த உன் இன்னொரு கடிதம் அப்போது அவள் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரன் பையில் இருந்தது. அவள் எனக்குக் கஞ்சி ஊற்றியதாக எனக்கு நினைவில்லை.

தம்பி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். விசாரணை முடியும்வரை அட்டை செல்லும் என்றார். முடிவு குளிர்காலத்துக்குள் வருமாம். அதுவரை நீ பேய்தான்.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பணம் சேர்க்காதே, வேளைக்குச் சாப்பிடு.

அப்பா


இஞ்சோன்
செப்டம்பர் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

பேய் நலம். நீங்கள் நலமா? கோடையில் தாகத்தை எப்படித் தாங்கினீர்கள்? ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள்ளலாம் என்று இங்கே ஒரு நர்ஸ் சொன்னாள்.

சுசோக் அறுவடைத் திருநாளுக்கு வர முடியாது என்பது இப்போதுதான் உறைக்கிறது. மின்ஜு ஊருக்கு டிக்கெட் எடுக்க வரிசையில் நின்றாள், நான் துணைக்கு நின்றேன். அம்மாவின் கல்லறை மேட்டில் இந்த வருஷம் புல் வெட்ட யாரையாவது கூலிக்குக் கூப்பிடுங்கள், நீங்கள் குனிந்து வெட்ட வேண்டாம். கொழுக்கட்டை ஒரு தட்டு வையுங்கள். நான் வராததற்கு ஏதாவது சொல்லுங்கள். அம்மாவிடமும் கணவாய்ப் படகுக்காரர் கதையைச் சொல்லிவிடாதீர்கள்.

ஓக்பூன் அத்தை பெயருக்கு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். கம்பெனியில் எல்லோருக்கும் கொடுத்த பண்டிகைப் பெட்டிதான். முன்பு ஒப்பந்தத்தில் இருந்தபோது சோப்பு மட்டும் கொடுப்பார்கள், இந்தத் தடவைதான் எனக்கு முழுப் பெட்டி. எண்ணெய், சூரை மீன் டின், ஷாம்பு எல்லாம் இருக்கிறது. டின் இறைச்சியில் உப்பு அதிகம், அதை அத்தைக்குக் கொடுத்துவிடுங்கள். தொடக் கூடாது.

ஹேரான்


சம்சோன்போ
அக்டோபர் 20

ஹேரானுக்கு,

நலமாக இருக்கிறாயா? நான் இருக்கிறேன். புல்லை நானே வெட்டினேன். கொழுக்கட்டை வைத்தேன். உன் அம்மாவிடம் உனக்கு வேலை அதிகம் என்று சொன்னேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

உன் பெட்டி வந்தது. உள்ளே இருந்ததை எடுத்து வைத்தேன். பெட்டி நல்ல அட்டைப் பெட்டி, மூடி தங்க நிறம், தூக்கி எறிய மனம் வரவில்லை. அதோடு, என் மகள் நிரந்தரம் ஆனபிறகு கிடைத்த முதல் பெட்டி அது. மருந்துகளை அதில் அடுக்கித் தொலைக்காட்சி மேல் வைத்தேன். மூடியில் உன் கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில் இருப்பது தெரியாமல் இல்லை. தினம் அதைப் பார்க்கத்தான் அங்கே வைத்தேன். என்னைப்போல ஒரு முட்டாள் கிடைப்பானா?

சென்ற செவ்வாய்க்கிழமை பியோன் தம்பி சொல்லாமல் வந்தார். உட்கார்ந்தவர் பெட்டியைப் பார்த்தார், கையில் இருந்த கோப்பைப் பார்த்தார். "பெரியவரே, இது உங்க மக வேலை செய்யற கம்பெனி ஆச்சே" என்றார். ஓக்பூன்தான், "ஐயோ தம்பி, பண்டிகை முடிஞ்சா சந்தையில பாதி வெலைக்கு விக்கிறாங்கல்ல, நான் வாங்கிக் குடுத்தது" என்றாள். பெட்டிகளை அப்படி விற்பது உண்மைதான். அவர் அரைகுறையாகத் தலையாட்டிவிட்டு, "எதுக்கும் மகளையே கேட்டுடறேன்" என்று போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

உன் குரலைக் கேட்டு ஆறு மாதமாயிற்று. "யாரு?" என்று நீ கேட்டதும் நான் இங்கே பதில் சொல்லப் பார்த்தேன். ஓக்பூன் என் முழங்காலைக் கிள்ளினாள்.

அவர் விஷயத்தைச் சொன்னார். பெட்டியைக் கம்பெனி வாசலிலேயே ஒரு வியாபாரிக்கு விற்றுவிட்டதாக நீ சொன்னாய். நல்ல சமயோசிதம். அப்பாவை ஏன் பார்ப்பதில்லை என்று கேட்டார். கணவாய்ப் படகுக்காரர் மகனைச் சொல்வாய் என்று நான் காத்திருந்தேன்.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தையும் நான் கூட்டவில்லை. "எங்கம்மாவுக்கு வயித்துல கட்டி. அப்பவும் எங்க வீட்டுல அரசாங்க அட்டை இருந்துச்சு. நம்மூர் ஆஸ்பத்திரியில அட்டைக்காரங்களுக்குத் தனி ஜன்னல். அங்க நின்னா கருவாட்டுக் களத்து ஆளுங்க பூரா பாப்பாங்கன்னு எங்கப்பா போக விடல. ஏழை அட்டைய நீட்டி என் மானத்த வாங்காதன்னாரு. அம்மா சோடா மாவக் கரைச்சுக் கரைச்சுக் குடிச்சு வலிய அடக்கிக்கிட்டா. கடைசியில கூட்டிட்டுப் போனப்ப, ஏன் இவ்வளவு லேட்டுன்னு டாக்டர் கேட்டாரு. எங்கப்பா ஒண்ணும் சொல்லல. நானும் அதுக்கப்புறம் கேக்கல. போதுமா சார்?"

தம்பி போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. "சரி பெரியவரே, எழுதிக்கறேன்" என்று சொல்லி எழுந்தார். ஓக்பூனும் எழுந்து போய்விட்டாள். அவள் அப்படிப் பேசாமல் போனதை நான் பார்த்ததே இல்லை.

நன்றாக நடித்தாய். நாம் பேசி வைத்ததைவிட அது பலமாக இருந்தது, அவர் நம்பிவிட்டார். அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

பெட்டியைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

அப்பா


சம்சோன்போ
நவம்பர் 25

ஹேரானுக்கு,

நலமா? பதில் இல்லை. சளி ஏதும் பிடித்திருக்கிறதா? தொழிற்சாலையில் வேலை அதிகமா?

முடிவு வந்துவிட்டது. 'குடும்ப உறவு அறுந்தது உண்மை' என்று போட்டிருக்கிறார்கள். அட்டை நீடிக்கும். முதல் வகை, முழுவதும் இலவசம். யோம் கைகுலுக்கினார். "என்ன சொல்லி வாங்குன?" என்றார். என் மகள் கெட்டிக்காரி என்று மட்டும் சொன்னேன்.

ஊரில் குளிர்காலத்துக்கான கிம்ச்சி ஊறுகாய் போட்டுவிட்டார்கள். ஓக்பூன் உனக்கு ஒரு டப்பா அனுப்புகிறாள். அவளே போட்டது, நான் உப்பைத் தொடவில்லை. அனுப்புநர் பெயரும் அவள் பெயர்தான்.

இரண்டு வரி எழுது. அட்டை நீடித்ததில் உனக்கும் சந்தோஷம் இருக்கும்.

அப்பா


இஞ்சோன்
டிசம்பர் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். கிம்ச்சி வந்தது. அத்தைக்கு நன்றி சொல்லுங்கள். அட்டை நீடித்ததில் எனக்குச் சந்தோஷம்தான், அதில் சந்தேகம் வேண்டாம்.

நீங்கள் அந்த அறையில் இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மொட்டைத் தலைக்காரரையே சொல்லியிருப்பேன். அந்த அலுவலர் மரியாதையான குரலில், அவசரமில்லாமல் கேட்டார். இதை ஒருவரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

நடித்தாய் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றி மேலே எழுத எனக்கு வரவில்லை.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஆஸ்பத்திரி ஜன்னலில் இப்போது அட்டையை எப்படி நீட்டுகிறீர்கள்?

குளிர் அதிகமாக இருக்கிறது. கால்களைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஹேரான்


சம்சோன்போ
2007 ஜனவரி 12

என் மகள் ஹேரானுக்கு,

உன் உடம்பு நலமா? என் உடம்பு எப்போதும்போல இருக்கிறது, மனதுதான் உன் கடிதம் வந்ததிலிருந்து சரியில்லை. நீ கேட்டதற்குப் பதில் எழுத நாளாகிவிட்டது.

செய்தித்தாளுக்குள் வைத்து நீட்டுவேன். இத்தனை வருஷமாக அப்படித்தான். ஜன்னலில் இருக்கும் பெண்ணுக்கும் அது பழக்கமாகிவிட்டது. தாளை வாங்கி, உள்ளே பார்த்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுப்பாள். ஒருநாள், "பெரியவரே, எனக்கு இன்னிக்கு ராசிபலன் படிக்கணும், கொஞ்ச நேரம் வச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள். அதைக்கூட நான் உனக்குச் சிரிப்புக் கதையாகச் சொன்னதில்லை. இப்போது தெரிகிறதா, ஏன் என்று?

இந்த வாரம் புதன்கிழமை தாள் வாங்கவில்லை. போகும் வழியில் கடை வாசலில் நின்றேன், கடைக்காரர் எடுத்தே நீட்டிவிட்டார், வேண்டாம் என்று வந்துவிட்டேன். வரிசையில் எனக்கு முன்னால் யார் நின்றது என்று நினைக்கிறாய்? கருவாட்டுக் களத்துப் பழைய முதலாளி, மூட்டு வலிக்கு ஊசி போட வந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. என் கால் திரும்பிப் போகப் பார்த்தது. போகவில்லை. என் முறை வந்ததும் அட்டையைக் கையில் உயர்த்திப் பிடித்து, "மருத்துவ உதவி அட்டை, முதல் வகை" என்றேன். என் குரல் உனக்குத் தெரியும், படகிலிருந்து கரைக்குப் பேசிய குரல். மருந்துக் கவுண்டர் வரைக்கும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பெண், "காது கேக்குது பெரியவரே, மெதுவாச் சொல்லுங்க" என்றாள். முதலாளி என்னைப் பார்த்தார். "எந்த அட்டைய்யா அது, எனக்கும் கெடைக்குமா?" என்று கேட்டார். அவ்வளவுதான், ஹேரான். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. கூரை இடிந்து விழவில்லை. அந்த மனிதருக்கு அது ஒரு விஷயமாகவே இல்லை.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இனி ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் சொல்லப்போகிறேன். இப்போது சொல்லி யாருக்கு என்ன லாபம் என்று நீ கேட்கலாம். கேள்.

அடுத்த மாதம் சந்திரப் புத்தாண்டுக்கு நீ வரக் கூடாது என்று தெரியும். சாப்பிடு, தூங்கு.

அப்பா


இஞ்சோன்
பிப்ரவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? நீங்கள் நலம் என்று எனக்குத் தெரியும், பார்த்தேன். கொஞ்சம் இளைத்திருக்கிறீர்கள்.

புத்தாண்டு விடுமுறைக்கு முந்தின வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். வீட்டுப் பக்கம் வரவில்லை. ஓக்பூன் அத்தைக்கும் தெரியாது. நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து, வெளியே நீங்கள் வரும்வரை காத்திருந்து, வரிசையில் உங்கள் பின்னால் நின்றேன். நீங்கள் திரும்பவே இல்லை. உங்கள் கோட்டின் காலர் உள்ளே மடிந்திருந்தது. சரிசெய்யக் கை போனது, இழுத்துக்கொண்டேன்.

நீங்கள் சொன்னதைக் கேட்டேன். எழுதியிருந்ததைவிடச் சத்தம் அதிகம். ஒரு குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. "மாசத்துக்கு ஒரு தடவ காட்டுனாப் போதும்னு எத்தன தடவ சொல்றது பெரியவரே" என்று அந்தப் பெண் சலித்துக்கொண்டாள். "இருக்கட்டும்மா, நல்லாப் பாத்துக்க" என்று அட்டையை அவள் முகத்துக்கு நேரே பிடித்தீர்கள். அம்மா இருந்திருந்தால் வெட்கத்தில் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருப்பாள். நான் அங்கேயே நின்றேன்.

நீங்கள் உள்ளே போன பிறகு என் முறை வந்தது. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் போன கதவைப் பார்த்தாள். "நீங்க அவரு கூட வந்தவங்களா? மூக்கு, கண்ணு எல்லாம் அப்படியே இருக்கே" என்றாள்.

"இல்லங்க, அவரு யாருன்னே எனக்குத் தெரியாது" என்றேன்.

அப்பா, பெட்டியை விற்ற கதையைத் தவிர, அக்டோபரில் அந்த அலுவலரிடம் நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. உங்களுக்கும் அது தெரியும். அதைச் சொல்லிவிட்டு அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். நான் சொன்ன பொய் இதுதான். இதைச் சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு அழுதேன்.

அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

உங்கள் மகள்
ஹேரான்